நரையும் நிறையும்

தலைச்சாயம் கலப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. குழாயிலிருந்து பிதுக்கும் களிம்பு 40 கிராம் என்றால், அதோடு சேரும் டெவலப்பர் 60 கிராம். ஒன்றுக்கு ஒன்றரை. சில சாயங்களுக்கு ஒன்றுக்கு ஒன்று, சிலவற்றுக்கு ஒன்றுக்கு இரண்டு. அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் அது அச்சாகியிருக்கும். நம்மில் பலர் அந்தத் தாளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. உடைந்த கிண்ணத்தில் இது கொஞ்சம், அது கொஞ்சம் என்று ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கலக்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பூசிக்கொள்கிறோம். முன்நெற்றி செம்பட்டையாகவும் நுனி கரிக்கட்டையாகவும் காதோரம் வெள்ளையாகவும் வந்தால், சாயம் சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம்.

பெண்கள் தலைச்சாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே ஒரு கேள்விக்குப் போய்விடும்: போடலாமா, கூடாதா? போடுகிறவள் பொய்க்காரி, போடாதவள் போராளி என்று இரண்டு பலகைகள் தயாராக இருக்கும். எனக்கு அந்தக் கேள்வி முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் கிண்ணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எவ்வளவு, எதற்காக, யார் தலையில், யார் கையால் என்று கேட்காமல் போடலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது, நிறுக்காமலே விலை சொல்வது போன்றது.

நிறுத்தல் என்ற சொல் வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் நிறை என்றால் எடை. நிரம்பியிருத்தல் என்றும் பொருள். பழைய இலக்கியத்தில் பெண்ணோடு சேர்ந்து வரும்போது அதே சொல்லுக்குக் கற்பு, மன அடக்கம் என்று பொருள் வந்துவிடுகிறது. வள்ளுவர் நடுவுநிலைமையைச் சொல்லத் தராசுக் கோலைக் காட்டுகிறார். வாழ்க்கைத்துணைநலத்தில் மகளிரின் நிறையைப் பேசுகிறார். தராசு சான்றோர் கையில் இருக்கிறது. பெண் அதன் தட்டில் இருக்கிறாள். நம் மொழியில் பெண் பெரும்பாலும் நிறுக்கப்பட்டவள். நிறுக்கிறவளாக அவளைப் பார்க்க எனக்கு ஆசை. அழகுநிலையத்தின் பின்னறையில் சிறிய டிஜிட்டல் தராசில் பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து, அதன் எடையைப் பூஜ்யமாக்கி, சாயத்தைப் பிதுக்கும் பெண்ணிடமிருந்து தொடங்குவது அதனால்தான்.

அவள் ஏன் நிறுக்கிறாள்? குழாயில் இருக்கும் களிம்பில் இன்னும் நிறம் இல்லை. நிறமாகப் போகும் சிறிய மூலக்கூறுகள்தான் அதில் இருக்கின்றன. பெரும்பாலான நிரந்தரக் கருஞ்சாயங்களில் அவற்றில் முக்கியமானது பிபிடி எனப்படும் பாரா-பினைலின்டயமின். அம்மோனியா போன்ற காரப்பொருள் மயிரிழையின் வெளிச்செதிலைத் தளர்த்துகிறது. சிறிய மூலக்கூறுகள் உள்ளே போகின்றன. டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஆக்ஸிகரணம் செய்ய, அவை ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகின்றன. பெரிதான பின் வெளியே வர முடியாமல் மயிருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. நாம் நிறம் என்று பார்ப்பது அப்படித் தங்கிவிட்டதைத்தான்.

டெவலப்பர் புட்டியின் மேல் 10, 20, 30, 40 வால்யூம் என்று போட்டிருக்கும். 20 வால்யூம் என்றால், அந்தக் கரைசல் ஒரு லிட்டர் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்ஸிஜன் வெளிவரும் என்று பொருள். சதவீதக் கணக்கில் அது 6. பத்து என்பது 3, முப்பது என்பது 9, நாற்பது என்பது 12. நரையை மறைக்கப் பொதுவாக 20 போதும். சீக்கிரம் பிடிக்கட்டும் என்று 40 ஊற்றினால் மயிரின் இயற்கை நிறம் வெளுக்கும், செம்மை எட்டிப் பார்க்கும், தலைத்தோல் எரியும். டெவலப்பர் அளவுக்கு மீறினால் சாயம் நீர்த்துப்போய் நரை அடியில் மின்னும். குறைந்தால் வினை முழுமையடையாது. நிறமும் பிடிக்காது, வினைபுரியாத பிபிடி தோலில் தங்கும் வாய்ப்பும் கூடும். ஐரோப்பிய ஒன்றியம், கலந்த பின் தலையில் படும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு, வாங்கியவர் சொன்ன அளவில் கலப்பார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஆகவே அளவு என்பது அழகுக்கு மட்டும் உரிய கணக்கில்லை. ஒரு உடம்பின் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தவளை வேதியியல் தெரிந்தவள் என்று நாம் சொல்வதில்லை. கைராசிக்காரி என்கிறோம்.

கைராசி, கைப்பக்குவம், கண்ணளவு. இவை பாராட்டுச் சொற்கள் போலத் தோன்றும். இவற்றுக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. பெண்ணின் அறிவை அவள் உடம்பின் இயல்பாக்கிவிட்டால் அதற்குக் கூலி கூட்டித் தர வேண்டியதில்லை. அவள் கற்றுக்கொண்டாள், தவறவிட்டுத் திருத்தினாள், நினைவில் வைத்தாள் என்ற வரலாறு அழிந்துவிடுகிறது. முடியைத் தொடும் வேலையைச் சாதியோடு கட்டிவைத்த சமூகம் நம்முடையது. முடிதிருத்தும் சமூகத்தின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். மருத்துவச்சி என்று அழைக்கப்பட்டார்கள். அறிவை வாங்கிக்கொண்டு, அறிந்தவரை வாசலில் நிறுத்திய ஊர்கள் இவை. இன்று குளிரூட்டிய அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அதே முடியைத் தொடும் வேலை வேறு பெயரில் நடக்கிறது. பலகை மாறியிருக்கிறது. வேலை செய்பவளின் அறிவுக்குப் பெயர் மட்டும் இன்னும் கைராசிதான்.

நான் சாயம் போட்டுக்கொள்ளும் இடத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒருமுறை அவளிடம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பூசினால் போதாதா, எதற்கு இவ்வளவு பிரித்துப் பிரித்துப் போடுகிறாய் என்று கேட்டேன். “ஒரே மாதிரி வரணும்னா ஒரே மாதிரி போடக் கூடாதுக்கா” என்றாள்.

அவள் செய்வதைக் கவனித்தால் அந்தச் சொல்லின் பொருள் விளங்கும். தலையை நான்காகப் பிரிக்கிறாள். நரை அடர்ந்திருக்கும் இடத்தில், பெரும்பாலும் நெற்றியோரத்திலும் காதோரத்திலும், முதலில் பூசுகிறாள். அங்கே மயிர் சாயத்தை எளிதில் ஏற்காது. அதற்கு நேரம் கூடுதலாக வேண்டும். பின்தலையில் நரை குறைவு, அது கடைசியில். தலைத்தோலை ஒட்டிய பகுதியில் உடம்பின் சூடு படுவதால் வினை விரைவாக நடக்கும். நுனி, வெயிலும் சீயக்காயும் பழைய சாயமும் பட்டு நுண்துளை விட்டுக் கிடப்பதால், கொடுத்ததையெல்லாம் குடித்துக் கரேலென்று ஆகிவிடும். அதனால் முன்பே சாயமேறிய பகுதியைத் தொடுவதில்லை; தேவையென்றால் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் இழுத்துவிடுகிறாள். பூசி முடித்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறாள்.

ஒரு தலை. அதற்குள் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு கடந்தகாலம். ஒன்று வெயில் பட்டது, ஒன்று புதிதாய் முளைத்தது, ஒன்று ஏற்கெனவே பலமுறை சாயம் குடித்தது. எல்லாவற்றுக்கும் ஒரே கலவையை ஒரே நேரம் வைத்தால் விளைவு திட்டுத்திட்டாக வரும். சமம் என்பதை நாம் வகுப்பறையில் எத்தனை முறை தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்! எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணி நேரம், அதுதான் நியாயம் என்று ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பெண் நெற்றியோர நரையைப் போன்றவள். அவளுக்கு முதலில் தொடங்க வேண்டும், நேரம் கூடுதலாகத் தர வேண்டும். இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களுக்கு நூல்களிலிருந்து பதில் சொல்லிச் சொல்லிக் களைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் ஒரு வரி எனக்கு அதைவிடத் தெளிவாக இருக்கிறது.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வரலாம். நரையை மறைப்பது பொய்யா?

நரையைப் பற்றிய நம் இலக்கிய நினைவுகளை எடுத்துப் பார்க்கலாம். புறநானூற்றின் 191ஆம் பாடலில் பிசிராந்தையார், ஆண்டுகள் பல ஆகியும் தமக்கு நரை வராத காரணத்தைச் சொல்கிறார். மாண்புள்ள மனைவி, நிறைந்த மக்கள், தாம் நினைப்பதையே நினைக்கும் ஏவலர், தீமை செய்யாமல் காக்கும் வேந்தன், ஊரில் வாழும் அடங்கிய சான்றோர். அழகான பாட்டு. ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். ஒரு வருடம் ஒரு மாணவி எழுந்து, “அப்போ அந்த மனைவிக்கு நரைச்சிருந்துச்சா மேடம்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குக் கவலையில்லாமல் பார்த்துக்கொண்டவளின் கவலையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று பாட்டு சொல்லவில்லை. கேட்டவர்களும் அதைக் கேட்கவில்லை.

பழமொழி நானூறு ஒரு சோழனைச் சொல்கிறது. கரிகாலன் என்பது மரபு. இளைஞன் எப்படி நீதி சொல்வான் என்று வழக்கோடு வந்த முதியவர்கள் தயங்க, அவன் தலையில் நரைமுடியைக் கட்டிக்கொண்டு வந்து தீர்ப்பு வழங்கினான். அவன் செய்ததும் மாறுவேடம்தான். தலையில் இல்லாத நிறத்தை வைத்துக்கொண்டான். அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. முறை செய்தான் என்று புகழ்ந்தார்கள். ஆணின் தலையில் நரை ஏறினால் அதிகாரம் ஏறுகிறது. அதனால் பொய்நரைகூட மெய்யாகிறது. பெண்ணின் தலையில் ஏறினால் என்ன ஏறுகிறது? சூசன் சொண்டாக் 1972இல் முதுமையின் இரட்டை அளவுகோலைப் பற்றி எழுதிய கட்டுரை இதைத்தான் கேட்டது. ஒரே வயது, இரண்டு தராசு.

ஔவையைப் பற்றி வழங்கும் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. திருமணத்துக்கு வற்புறுத்தப்பட்ட இளம்பெண் பிள்ளையாரிடம் மூப்பை வேண்டிப் பெற்றாள். நரைத்த பிறகுதான் அவளால் தனியே ஊர் ஊராக நடக்கவும் அரசர்களிடம் பேசவும் முடிந்தது. அறிவோடு வாழ ஒரு பெண் தன் இளமையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் கதையின் விலைப்பட்டியல். அந்த விலையை நாம் இன்னும் பக்தியோடு சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கதைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், நரை ஒருபோதும் வெறும் நிறமாக இருந்ததில்லை என்பது புரிகிறது. அதை மறைப்பதும் காட்டுவதும் அதிகாரத்தோடு பேரம் பேசும் வழிகள். கணவனோடு வாழ்பவள் நரையோடு வெளியே வந்தால் “ஏன் இப்படிக் கிழவி மாதிரி?” என்கிறார்கள். கணவனை இழந்தவள் சாயம் போட்டால் “இனி யாருக்குக் காட்ட?” என்கிறார்கள். இரண்டு கேள்வியும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. நரையும் குற்றம், கறுப்பும் குற்றம் என்றால் பிரச்சினை நிறத்தில் இல்லை.

பொய் என்றால், உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உள்ள ஒருவரிடம் அதை மறைப்பது. தனியார் கல்லூரி ஒன்றின் நேர்காணலுக்குப் போகும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் பிறந்த தேதி விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் வயதை யாரிடமும் மறைக்கவில்லை. வயதைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வரும் சலிப்பைத்தான் தடுக்கிறாள். அந்தச் சலிப்புக்கு அவர்களுக்கு உரிமை உண்டா? இல்லை என்றால், அவள் யாரையும் ஏமாற்றவில்லை. வாடிக்கையாளரைச் சந்திக்கும் துணிக்கடைப் பெண், வரவேற்பு மேசையில் அமர்பவள், மேடையில் ஆடுபவள், இவர்களுக்குச் சாயம் சம்பளத்தோடு சேர்ந்த செலவு. முதலாளி தர வேண்டிய சீருடைக் காசை அவர்கள் தங்கள் பையிலிருந்து கொடுக்கிறார்கள். அவர்களைப் பொய்க்காரிகள் என்று சொல்ல எனக்கு நா வராது.

ஆனால் கேள்வி இத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஒருத்தி செய்வது பொய்யில்லை என்பதால், எல்லோரும் செய்வது தீங்கற்றது என்றாகிவிடாது. ஆசிரியர்கள் அறையில் பத்துப் பெண்களில் ஒன்பது பேர் சாயம் போட்டால், போடாத பத்தாவது பெண் தன் உண்மையான வயதைவிடக் கிழவியாகத் தெரிகிறாள். ஒன்பது பேரின் மறைப்பு அவள் நரையின் விலையை ஏற்றிவிடுகிறது. ஒவ்வாமையால் சாயம் தொடக்கூடாத பெண்ணும், வாங்கக் காசில்லாத பெண்ணும் அந்த விலையைக் கொடுக்கிறார்கள். எங்கள் மாணவிகளுக்கு நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் தலை இயல்பில் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போகிறது. நாளை தங்கள் தலையில் முதல் வெள்ளை இழையைப் பார்க்கும்போது அதை நோய் போல எண்ணிப் பதறுகிறார்கள். சாயம் போட்டுக்கொள்ளும் நானும் அந்த ஒன்பதில் ஒருத்தி. பொய் சொல்லவில்லை என்ற ஆறுதல் இந்தக் கணக்கைத் தீர்ப்பதில்லை.

இதில் வணிகத்தின் கை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1907இல் யூஜின் ஷுவெல்லர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் உருவாக்கிய தலைச்சாயத்திலிருந்துதான் இன்றைய லோரியால் நிறுவனம் பிறந்தது. 1956இல் அமெரிக்காவில் கிளைரால் சாயத்துக்கு ஷெர்லி பாலிகாஃப் என்ற பெண் எழுதிய விளம்பரம், இவள் போட்டிருக்கிறாளா இல்லையா என்று பார்ப்பவரையே கேட்டது. அவளுடைய சிகையலங்காரக்காரிக்கு மட்டும்தான் தெரியும் என்று பதிலும் சொன்னது. சீராக வந்த நிறத்தின் இலக்கணம் அன்றே எழுதப்பட்டுவிட்டது: உழைப்பு தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அது தோல்வி. சமையலிலும் வீட்டைச் சுத்தம் செய்வதிலும் பெண்ணிடம் எதிர்பார்க்கப்படுவது இதே இலக்கணம்தான். நன்றாகச் செய்த வேலை கண்ணில் படாது, அதனால் கணக்கிலும் வராது.

இரகசியம் உடம்பையும் பாதிக்கிறது. எந்த இரசாயனச் சாயத்தையும் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதின் பின்புறமோ முழங்கை உட்புறமோ சிறிது தடவிச் சோதிக்க வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கிறது. இரண்டு நாள் காத்திருக்க எத்தனை பேருக்கு முடிகிறது? நாளை கல்யாணம், இன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு போட வேண்டும். முன்பு ஒத்துக்கொண்ட சாயமே ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கண் வீங்கி, நெற்றி கொப்பளித்து மருத்துவரிடம் போகும் பெண், என்ன போட்டாய் என்று கேட்டால் முதலில் “ஒண்ணும் போடலை” என்பாள். இரசாயனமே வேண்டாம் என்று கறுப்பு மருதாணிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மருதாணி இலையில் இருப்பது லாசோன். அது தருவது செம்மஞ்சள் நிறம். அவுரி சேர்த்தால் கறுக்கும். ஒரே பொடியில் அரைமணியில் கன்னங்கறுப்பு வருகிறது என்றால் அதற்குள் பிபிடி இருக்க வாய்ப்பு அதிகம். இயற்கை என்ற சொல்லையும் நிறுத்துத்தான் வாங்க வேண்டும்.

நம் தலையில் மாதம் ஒருமுறை படும் அந்தக் கலவை, பூசுகிறவளின் கையில் நாள்தோறும் படுகிறது. எனக்குப் பூசும் பெண்ணின் விரல் இடுக்குகள் வெடித்திருக்கின்றன. கையுறையை ஒரு நாளைக்கு ஒரு ஜோடி என்று கணக்குப் பண்ணித் தருகிறார்கள். கிழிந்தால் கிழிந்ததோடு வேலை. சாயத்தைக் கிராம் கணக்கில் நிறுக்கச் சொல்லும் முதலாளிக்கு மிச்சமாகும் களிம்பின் மேல் அக்கறை இருக்கிறது. கலந்த சாயத்தை எடுத்து வைக்க முடியாது, மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். கொட்டப்படும் பத்து கிராமுக்கு இருக்கும் கணக்கு அவள் விரலுக்கு இல்லை.

அந்தப் பெண் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். யாருக்கு எந்த எண், எத்தனை கிராம், எந்த வால்யூம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் பிடிக்காது, யாருக்கு அரித்தது என்றெல்லாம் குண்டுக் குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறாள். “இது கடையோடதா, உன்னோடதா?” என்று கேட்டேன். “என்னோடதுதான்க்கா. நாளைக்கு வேற இடம் போனாலும் இது கூட வரும்” என்றாள். அளந்து எழுதி வைத்தது அவளுடைய சொத்து. கைராசியை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்ச் சம்பளம் பேச முடியாது, நோட்டை வைத்துப் பேசலாம். பெண்கள் தம் அறிவை அளவாக எழுதிவைப்பதைக் கவித்துவம் குறைந்த வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நோட்டு எனக்கு ஒரு நல்ல புத்தகம்.

போடலாமா கூடாதா என்று கேட்டு வரும் மாணவிகளுக்கு நான் ஆம், இல்லை என்று சொல்வதில்லை. எதை மறைக்கிறாய், யார் பார்வையிலிருந்து மறைக்கிறாய், அந்தப் பார்வைக்கு அவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். போடுவதென்றால் தாளைப் பிரித்துப் படி, இரண்டு நாள் முன்பு சோதித்துப் பார், தராசில் நிறு, உலோகக் கிண்ணத்தில் கலக்காதே. பூசிவிடுகிறவள் கையுறை போட்டிருக்கிறாளா என்று பார், இல்லையென்றால் கேள். போட்டிருப்பதை மறைக்காதே. போடாமல் வருகிறவளைப் பார்த்து “உடம்பு சரியில்லையா?” என்று விசாரிக்காதே. நம் சாயத்தால் ஏறிய அவள் நரையின் விலையைக் கொஞ்சமாவது குறைக்க இவ்வளவுதான் உடனே செய்ய முடிகிறது.

தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. எவ்வளவு துல்லியமாக நிறுத்துப் பூசினாலும் நான்கு வாரத்தில் வகிட்டில் வெள்ளைக்கோடு வந்து நிற்கும். ஒவ்வொரு மாதமும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது, இந்த முறை வேண்டுமா என்று புதிதாக முடிவெடுக்க ஒரு வாய்ப்பு வருகிறது. அந்த முடிவை எடுக்கும்போது தராசு நம் கையில் இருக்கட்டும்.